எண்ணெய்த் தலை

தன் மூளையில் நோய் இருக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் கர்ணன் கம்பத்தில் பஸ் ஏறினான். அவன் கோபத்துக்கு வலிப்பு காரணமா என்று பார்க்க, தேனியில் நரம்பு டாக்டரம்மா விஜி, மூளையின் மின்சாரத்தைக் காட்டும் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொல்லியிருந்தார். நோய் என்றால் மாத்திரை உண்டு. ஆண்டிபட்டியில் அப்பா வீட்டுக்குப் போய்விட்ட மனைவி யுவராணியிடம், "பாத்தியா, நான் இல்ல, மூளை" என்று சொல்லிக் கூட்டி வந்துவிடலாம்.

அவன் எறிந்த பீங்கான் தட்டு சுவரில் பட்டு உடைந்த மறுநாள் அவள் கிளம்பினாள். புத்தரைப் படிக்கிறவள். "கோவம் நீங்க இல்ல. வந்துட்டுப் போறது. வரும்போது பாருங்க, போயிரும்."

"புத்தருக்கு என்ன, திராட்சைத் தோட்டமா இருந்துச்சு?" என்றான், கம்பத்தில் திராட்சை போட்டு அல்லாடும் கர்ணன்.

தேனியில் ஈ.ஈ.ஜி. அறையில் டெக்னீஷியன் மதன்குமார் அவன் தலையைத் தொட்டதும் கையை உதறினான். "என்னண்ணே, தலையா வடைச்சட்டியா? ஒயரு எப்படி ஒட்டும்?"

தலை சூடாக இருந்தால் மிஷின் தப்பாகக் காட்டும் என்று அம்மா பஞ்சம்மாள் காலையில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாள்.

பின்பக்கக் குழாயடியில் ஷாம்பு போட்டான். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். காது சுட்டது, பல் இறுகியது, தண்ணீர் மொண்ட பிளாஸ்டிக் மக்கை எறியக் கை ஓங்கியது. அந்நேரம் பார்த்து நுரை கண்ணில் இறங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் நுரை. வேறு வழியின்றிக் கோபத்தைப் பார்த்தான். நெஞ்சில் ஏறியது, நின்றது, யாரும் விரட்டாமலே இறங்கியது. மக் கையில் இருந்தது. எறிய நினைத்தவனைக் காணோம்.

"வலிப்புக்கு அடையாளம் ஒண்ணும் இல்ல. நார்மல்," என்றார் டாக்டர், ஈ.ஈ.ஜி. தாளைப் புரட்டி.

"அப்ப கோவம்?"

"அதுவும் மூளை வேலைதான். ஆனா மிஷின் மின்சாரத்தத்தான் காட்டும். உள்ள எப்படி இருக்குன்னு நீங்கதான் பாக்கணும். பழகுனா மூளையும் மாறும்."

ஒருத்தி எல்லாம் மூளை என்கிறாள். இன்னொருத்தி, கோபம் நானே இல்லை என்கிறாள். இருவரும் பார் என்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து யுவராணியை அழைத்தான். "நோய் இல்லையாம்."

"பழி போட ஆள் இல்லாமப் போச்சா?"

சுருக்கென்றது. அதையும் பார்த்தான். இறங்கச் சற்று நேரம் பிடித்தது.

"இன்னைக்கு ஒண்ணு வந்துச்சு புள்ள. எறியல. போயிருச்சு."

"ஞாயித்துக்கிழமை இங்கன வாங்க. கூட்டிட்டுப் போக இல்ல, சாப்பிட. அப்பா சில்வர் தட்டுலதான் போடுவாக."

"ஏன்?"

"எறிஞ்சா நெளியும். உடையாது."

கர்ணனுக்குச் சிரிப்பு வந்தது. இதையும் பார்க்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்ளலாம்.