ஜன்னலோரச் சோதனைக்குழாய்கள்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, மாடிப்படியில் கேட்டது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் மேல்வீட்டில் குடியிருக்கும் ஜோவிதா, தனியார் பள்ளி ஒன்றில் தற்காலிக வேதியியல் ஆசிரியை. நான்கு வருடக் காத்திருப்புக்குப் பிறகு வேலை நிரந்தரமாக ஒரு வாய்ப்பு: மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழுவின் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். எழுத எழுத அவளிடமே படித்துக் காட்டினேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

2

முதல் தொடக்கம்: புதுச்சேரிக் கடல் அன்று ஈயம் போல

"கடல் எங்கக்கா வந்துச்சி? லேப் ஜன்னல்ல தெரியறது சைக்கிள் ஸ்டேண்டு" என்று ஜோவிதா இடைமறித்தாள்.

விட்டுவிட்டேன். இரண்டாவது தொடக்கம்: மேசையில் இரண்டு சோதனைக்குழாய்கள். ஒன்றில் ஹெக்சேன், நிறைவுற்ற ஹைட்ரோகார்பன். அதன் கார்பன்களுக்கிடையே எல்லாம் ஒற்றைப் பிணைப்பு; புதிதாக யாரும் வந்து ஒட்ட இடமில்லை. மற்றதில் ஹெக்சீன், நிறைவுறாதது. அதில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. செம்பழுப்பான புரோமின் கரைசலைச் சொட்டினால் ஹெக்சீன் உடனே சேர்த்துக்கொள்ளும், நிறம் போய்விடும். ஹெக்சேனில் நிறம் அப்படியே நிற்கும். (நிற்க வேண்டும்.)

3

ஹெக்சீன் சொன்ன பேச்சைக் கேட்டது. ஜோவிதா பூரித்துப்போய், பிணைப்புகளை வரையக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். பின்வரிசையில் இருந்த குழுவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, ஆய்வக உதவியாளர் அன்வருதீன் குழாய்களை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தார். நல்ல மனிதர். வெயிலும் நல்ல வெயில்.

"மிஸ், ரெண்டுலயும் கலர் போச்சு!" என்று பிள்ளைகள் கூவினார்கள்.

(அடிக்குறிப்பு: வெயில் பட்டால் ஹெக்சேனும் சும்மா இராது. தன் ஹைட்ரஜன் ஒன்றை விட்டுவிட்டு, அந்த இடத்தில் புரோமினை உட்கார வைத்துக்கொள்ளும். இதை ஜோவிதா எனக்கு மூன்று தடவை விளக்கினாள்.)

4

முடிவு அ: ஜோவிதாவின் கண்கள் கலங்கி

"நான் எப்பக்கா அழுதேன்?"

முடிவு ஆ: 'அன்வர் அண்ணன்தான் நகர்த்தினார்' என்று அவள்

"ச்சீ! அவரு நல்லதுக்குத்தான வெச்சாரு. அவரப் போயி மாட்டிவுடுவனா?"

அந்த 'ச்சீ'யில் எனக்கு அவளை இன்னும் பிடித்துப்போயிற்று. இனி அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

5

"நான் நெனச்சது இது இல்ல. வெயில் படுதான்னு நாந்தான் பாத்திருக்கணும்" என்று குழுவின் முன்னாலேயே சொன்னாள். பிறகு தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, சப்பாத்தியைச் சுற்றியிருந்த ஃபாயில் தாளை உருவினாள். சப்பாத்திகளை அன்வருதீன் கையில் கொடுத்தாள். புதிதாக இரண்டு குழாய்கள், இரண்டிலும் ஹெக்சேன், புரோமின். ஒன்றை வெயில் புகாதபடி தாளால் சுற்றி, இரண்டையும் அதே வெயிலில் வைத்தாள்.

தாள் சுற்றாத குழாய் வெளுத்துக்கொண்டே வந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. ஒரு பிள்ளையும் எழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்த குழுத் தலைவர் இராமதாஸ் மறுபடி உட்கார்ந்தார்.

"தாளப் பிரிம்மா. பாத்துட்டே போறோம்."

உள்ளே செம்பழுப்பு அப்படியே இருந்தது. சப்பாத்தியும் கையுமாக அன்வருதீனால் கைதட்ட முடியவில்லை.

6

முடிவு இ: வேலை கிடைத்தது. முடிவு ஈ: கிடைக்கவில்லை. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளியிலிருந்து வந்த உறை காலையிலிருந்து என் மேசையில் கிடக்கிறது. "கதைய முடிச்சிட்டுப் பிரிங்கக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்று வைத்துவிட்டுப் போனாள். உறையைப் பிரிக்காமல் நான் எப்படிக் கதையை முடிப்பது?

படியில் செருப்புச் சத்தம். அவள்தான் இறங்கி வருகிறாள். எந்த முடிவை வைக்கலாம் என்று நீங்களே தீர்மானித்துவிடுங்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.