நெஞ்சுப் பக்கத்து உள்பை

பாஸ்போர்ட்டைக் கோட்டின் உள்பையில் வைத்து, எந்தக் கில்லாடித் திருடனுக்கும் எட்டாதபடி பையின் வாயையும் தைத்து மூடிய டெய்லர், அது தன்னுடைய கோட்டுதானா என்பதை மட்டும் பார்க்க மறந்துவிட்டார். அருகருகே தொங்கிய இரண்டு கறுப்புக் கோட்டுகளில் ஒன்று வங்கி மேனேஜருடையது. அது மறுநாளே இஸ்திரி போட்டு வீடு போய்ச் சேர்ந்தது.

விமானத்துக்கு இரண்டே நாள் இருக்கையில் தன் கோட்டைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன் நின்று நெஞ்சைத் தட்டினார். நெஞ்சு இருந்தது, பாஸ்போர்ட் இல்லை.

சைக்கிளை விரட்டிக்கொண்டு போனவரை மேனேஜர் வாசலிலேயே மடக்கினார்.

“வாய்யா மாஸ்டர்! கோட்டு போட்டாலே நெஞ்சு பாரமா இருக்குன்னு ஈசிஜி எடுத்துட்டு வந்திருக்கேன். மனசுல எதையோ வச்சுப் புழுங்குறேனாம், டாக்டர் சொல்றார்.”

“மனசுல இல்லீங்க, கோட்டுல” என்றார் டெய்லர்.

மேனேஜர் சிரித்து ஓய்ந்து கத்தரிக்கோலைக் கொடுத்தார். தையல் பிரிந்தது. “தனியாவா வெளிநாடு போறே? அப்படி எதுக்குய்யா?”

மூன்று மாதமாக எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆளுக்குத் தக்க அளவில் பதிலை வெட்டிக் கொடுத்து வந்தார். மச்சானுக்கு ‘உலகம் பார்க்க’. மகளுக்கு ‘பனி பார்க்க’. மேனேஜரிடம், “இடுப்பு வலிக்குக் குளிர் நல்லதாம்” என்று சொல்லிவைத்தார். உண்மையான பதில் அவருக்கே தெரியாது. மனைவியோ கேள்வியே கேட்கவில்லை, ‘சரி’ என்றாள். அந்தச் ‘சரி’யில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று, இருபத்தாறு வருடம் துணியைத் தடவிய விரல்களுக்குப் பிடிபடவில்லை.

திரும்பும் வழியில் தெரு மெல்லக் கரைந்தது. பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல் பனி விழும் ஊர் கண்முன் விரிந்தது. போகிறவர் வருகிறவர் யாருடைய கைநீளமும் அவர் அளந்ததில்லை. ‘சட்டை என்னாச்சு?’ என்று கேட்க ஒருவரும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல், பேரும் உதிர்ந்து லேசாக நடக்கிறார். ஆனால் ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பிப் பார்க்கிறார், யாரோ பின்னால் வருவதுபோல. வருவது யார் என்று தெரிவதற்குள் சைக்கிள் அவருடைய தையல்கடை வாசலில் முட்டியது.

மனைவி பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது. கிடைக்காம இருந்திருந்தா உனக்கு நிம்மதி, இல்ல?”

“அந்தக் கறுப்பு நூலை எடுங்க.”

எடுத்தார். கொடுக்கவில்லை.

“நான் போறதுல உனக்கு வருத்தமா, இல்லையா?”

“ஸ்வெட்டர் அடியில இருக்கு. மாத்திரை மேல.”

“நான் என்ன பெட்டியையா கேட்டேன்?”

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “நீங்க எதுக்குப் போறீங்கன்னு நானே சொல்றேன். இத்தனை வருஷமா நாலடி தள்ளி உக்கார்ந்திருக்கோம். நான் தலையைத் தூக்கிப் பார்க்கிறதில்ல, கத்தரிக்கோல் சத்தம் கேட்டாப் போதும், இருக்கீங்கன்னு அர்த்தம். பக்கத்துலயே இருக்கிற ஆளை யாருக்கு மனசு தேடும்? தூரமாப் போனா எனக்குத் தேடுமான்னு பார்க்கக் கிளம்பியிருக்கீங்க.”

டெய்லர் நூல்கண்டை உருட்டினார். மறுக்கலாம் என்று வாயைத் திறந்தார், வேறெதுவோ வந்தது.

“தேடுமா?”

“தேடும்” என்றாள். “இப்பவே தேடுது.”