ஸ்பூன் தாங்கும் பால்

என் வீட்டுக்காரருக்கு இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் வரும். "கொட்டு." தாகம் எடுத்தாலும் கொட்டு, கால் மரத்துப்போனாலும் கொட்டு, மகள் வந்து நெற்றியில் முத்தம் கொடுத்தாலும் கொட்டு. மூளையில் ரத்தம் கட்டி, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இருந்த பேச்சையெல்லாம் வழித்துத் துடைத்துக்கொண்டு போன வியாதி இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் வேண்டுமென்றே விட்டுவைத்தது என்பேன்.

முப்பது வருஷம் பாட்டில் கம்பெனியில் சோதனை மேஜையில் உட்கார்ந்தவர் அவர். பெல்ட்டில் வரும் பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடிப்பார். உள்ளே குமிழி இருந்தாலோ கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலோ "கொட்டு" என்பார். பக்கத்தில் நிற்கிற ஆள் அதை உடைசல் தொட்டியில் எறிவார். நல்ல பாட்டில் வந்தால் வாயே திறக்கமாட்டார், அது பாட்டுக்குப் போகும். கெட்டதற்குத்தான் வார்த்தை செலவு. அதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

கல்யாணமான வருஷம் புது மெஷின் பொருத்த ஒரு சீனத்து மெக்கானிக் அவர்கள் கம்பெனிக்கு வந்திருந்தார். குளிர் எலும்பைத் துளைத்த மாதம். அந்த ஆள் தன் அறையில் இஞ்சிப் பால் போட்டு இவருக்குக் கொடுத்திருக்கிறார். இஞ்சிச் சாறு வைத்த கிண்ணத்தில் சூடான பாலை ஊற்றினால் பத்து நிமிஷத்தில் பால் தானாக உறைந்துவிடும். தயிர் மாதிரி புளிக்காது. இளஞ்சூட்டில், நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கும், இறங்கின இடமெல்லாம் கதகதவென்று இருக்கும். உறைந்ததா என்று பார்க்க ஒரு ஸ்பூனை மேலே படுக்கவைப்பார்கள். தாங்கினால் பால் தேறியது, முங்கினால் தேறவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததும் இவருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

மறுநாளிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் எனக்குப் பரீட்சை. சட்டையைக்கூட மாற்றாமல் மேஜையில் உட்கார்ந்து ஸ்பூனைக் கையில் எடுப்பார். நான் கிண்ணத்தை வைப்பேன். ஸ்பூன் முங்கும். "கொட்டு." நான் கொண்டுபோய் சிங்கில் கொட்டுவேன். பால் சூடு குறைந்ததா, கூடினதா, இஞ்சி இளசா, ஒன்றும் பிடிபடவில்லை. முற்றின இஞ்சியாகத் தேடி வாங்கினேன். கொதி வரும் முன்னே இறக்கி, மனசுக்குள் நூறு எண்ணி, பிறகு ஊற்றினேன். ஐந்து நாளில் நாலு நாள் முங்கியது. "கெட்டுப்போச்சுன்னா நான் குடிச்சுக்கறேன்ங்க" என்று ஒருநாள் சொன்னேன். "கொட்டுன்னா கொட்டு" என்றார். முங்கின பால் என் வாய்க்கும் ஆகாது.

ஒன்பது வருஷம் இப்படி. ஒருநாள் அவருடைய தங்கை போனில் கேட்க, இவர் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "சாறு பிழிஞ்சு வெச்சா அடியில வெள்ளையா ஒரு வண்டல் நிக்கும். அதை விட்டுடாத. நல்லா கலக்கிட்டு உடனே பாலை ஊத்து. அதுல போய் ஏமாந்துடாத" என்றார்.

ஒன்பது வருஷமாக நான் அந்த வண்டலை மண் என்று நினைத்து, பதமாகச் சாய்த்து, தெளிவை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மேஜையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

போனை வைத்ததும் கேட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"விடையைச் சொல்லிட்டு வெக்கிறதெல்லாம் ஒரு பரீட்சையா?" என்றார். சிரித்தாரா என்றால், இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள்கூட ஸ்பூன் முங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் தினமும் தாங்கியது. அவரும் தினமும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். 'நல்லாருக்கு' என்ற ஒரு வார்த்தை. அதைக் கேட்டுவிட்டுச் செத்தால் போதும் என்றுகூட சில நாள் நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்திருக்கிறேன்.

இப்போது அவர் கட்டிலில் கிடக்கிறார். பேச்சுப் பயிற்சிக்கும் விழுங்கும் பயிற்சிக்கும் ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருவாள். பேச்சு டீச்சர் என்றுதான் நாங்கள் சொல்வோம். முதல் நாளே சொல்லிவிட்டாள். "தண்ணியா எதையும் குடுக்காதீங்கம்மா, மூச்சுக்குழாய்ல போயிடும். கட்டியாவும் வேணாம். வழவழன்னு இறங்கற மாதிரி ஏதாவது குடுங்க."

அப்படி ஒன்றை முப்பத்தொரு வருஷமாகச் செய்கிறவள் நான். அன்று சாயங்காலமே இஞ்சி துருவிப் பிழிந்து, வண்டலைக் கலக்கி, பாலை ஊற்றி மூடிவைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அவர் கண்ணெதிரே ஸ்பூனை வைத்தேன். தாங்கியது. அவருக்கு எச்சில் ஊறி வழிந்தது. வாயைத் திறந்தார்.

"கொட்டு."

நான் எழுந்துபோய் சிங்கில் கொட்டிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, பழகின கை அதுவாகப் போனது. திரும்பி வந்து பார்த்தால் இடது கையை சமையலறைப் பக்கம் நீட்டிக்கொண்டு அழுகிறார்.

மறுநாள் இதை டீச்சரிடம் சொன்னேன். "ஐயோ, அவர் அதைச் சொல்லலம்மா. அவர்கிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒண்ணுதான். வேணும்னாலும் அதுதான் வரும். வாயைக் கேக்காதீங்க, கண்ணைப் பாருங்க" என்றாள்.

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. மூன்றாம் நாள் கை அதுவாகப் போகவில்லை. நான்தான் கொண்டுபோனேன்.

பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. மசித்த உருளைக்கிழங்கு, குழைத்த பருப்பு, பழக்கூழ் எல்லாம் வேளாவேளைக்கு ஊட்டினேன். அதற்கெல்லாம் அவரை ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சிப் பாலுக்கு மட்டும் கேட்டேன். ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து மூக்கருகே பிடித்து, "எப்படி இருக்குங்க? சொல்லுங்க" என்பேன். மரியாதை குறையாமல்தான் கேட்பேன். முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, வேறு வார்த்தைக்காக முட்டுவார். உதடு குவியும், நாக்கு அலையும், கடைசியில் அதுதான் வரும். "கொட்டு."

"சரிங்க" என்று எடுத்துக்கொண்டு போவேன். குழாயைத் திறந்துவிடும் சத்தம் அவருக்கும் கேட்கும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவர் ஒன்று கண்டுபிடித்தார். வாயைத் திறந்தால்தானே அது வருகிறது. கிண்ணத்தைக் கண்டதும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்ள ஆரம்பித்தார். மூடின வாயில் எப்படி ஊட்டுவது? திறந்தால் வார்த்தை வந்துவிடும், திறக்காவிட்டால் ஸ்பூன் போகாது. இரண்டுக்கும் நடுவில் மனுஷன் மாட்டிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆனால் அது இஞ்சிப் பாலோடு நிற்கவில்லை. ஒரு வாரத்தில் எந்த ஸ்பூனைப் பார்த்தாலும் வாய் பூட்டிக்கொண்டது. உருளைக்கிழங்கு இறங்கவில்லை, பருப்பும் இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. டீச்சர் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை பாக்கறேன்மா. பத்து ஸ்பூன் விழுங்கினார்னா பரவாயில்ல. இல்லேன்னா வயித்துல குழாய் வெச்சுடுவாங்க. அவருக்கு ரொம்பப் பிடிச்சதா எதையாவது செஞ்சு வைங்க."

அந்த வெள்ளிக்கிழமை நான் நிஜமாகவே ஊட்டிவிடத்தான் இருந்தேன். மனசு இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வயிற்றில் குழாய் வைத்துவிட்டால், என் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நல்லாருக்கு என்று அவர் சொல்லப்போவது எப்போது? இத்தனைக்குப் பிறகும் அந்த ஆசை எனக்கு விடவில்லை.

மகளும் வந்திருந்தாள். நால்வரும் அந்தச் சின்ன அறையில். கிண்ணத்தைத் திறந்தேன், ஆவி வந்தது. ஸ்பூனை மேலே படுக்கவைத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு பால் உறைந்ததில்லை, ஸ்பூன் கண்ணாடியில் கிடப்பதுபோல் கிடந்தது.

எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். போதாதென்று இடது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார்.

குனிந்து காதோடு சொன்னேன். "இன்னிக்கு ஒண்ணும் கேக்கமாட்டேன்ங்க. சத்தியமா கேக்கமாட்டேன். வாயைத் தொறங்க."

என்னைப் பார்த்தார். அந்த ஸ்பூனுக்காக அவர் கண் தவித்தது. கை மட்டும் வாயை விட்டு நகரவில்லை. டீச்சர் கொஞ்சினாள், மகள் கெஞ்சினாள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு டீச்சர் தன் ஃபைலில் எழுதினாள். "சாப்பாட்டை மறுக்கறார். திங்கக்கிழமை குழாய் வெச்சுடலாம்மா" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மகளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "படுத்த படுக்கையிலயும் உன் கையால செஞ்சதை வேணாங்கறாரு பாரு. எப்பேர்ப்பட்ட மனுஷன்மா இவரு. இவரோட எப்படித்தான் குப்பை கொட்டினயோ" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார்.

"வீணாப்போகாம நீயாவது சாப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு மகள் முகம் கழுவப் போனாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருஷம் செய்திருக்கிறேன், ஒருநாள்கூட வாயில் வைத்ததில்லை. தேறினது அவருக்குப் போகும், தேறாதது சிங்குக்குப் போகும். ஒரு வாய் எடுத்துவைத்தேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிறகுதான் காரம் மெல்ல எழுந்து நெஞ்சுக்குள் சூடு பரவியது. அவரைப் பார்த்துக்கொண்டே கடைசி வாய் வரை சாப்பிட்டேன்.

"நல்லாருக்கு" என்றேன்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். மெதுவாக, பயந்து பயந்து, வாயைத் திறந்தார். முழுசாகத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. எத்தனை நாளாக முட்டினாரோ, அன்றைக்குத்தான் அந்தக் கொட்டை உள்ளேயே நிறுத்திவிட்டார். திறந்த வாயோடு என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நல்லாருக்கு என்பதை நானே சொல்லிக்கொண்டாயிற்று, இனி அவர் சொல்லி எனக்கு என்ன ஆகவேண்டும்.

சமையலறையில் இஞ்சி இன்னும் ஒரு துண்டு இருந்தது. பாலும் இருந்தது. நான் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்துவைத்தேன்.