கூடுதலாக ஓர் அரைச் சுற்று

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சண்டைக்காரன் இல்லை. தப்பு நடந்தால் தப்பு என்று சொல்வேன், அவ்வளவுதான். கொஞ்சம் உரக்கச் சொல்வேன். நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன் என்பதற்காக ஒருவன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனால் அதற்கு நானா பொறுப்பு?

அந்த ஒருவன் என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி. கார் மெக்கானிக், சொந்தப் பட்டறை. பதினொரு மாதத்துக்கு முன்னால் என் காருக்கு என்ஜின் ஆயில் மாற்றிக் கொடுத்தான். மறுநாள் காலையில் பார்த்தால், கார் நின்ற சிமென்ட் தரையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டுதானே என்று நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

எனக்கு ஒரு சொட்டு சின்ன விஷயம் இல்லை. குளிர்பான ஆலையில் பாட்டில் மூடிகளைச் சோதிப்பது என் வேலை. பாட்டிலைக் கருவியில் நிறுத்தி மூடியைத் திருகினால் முள் நகரும். பச்சைக் கோட்டுக்குக் கீழே நின்றால் மூடி தளர்வு, பாட்டில் கழிவு. மேலே நின்றால் அதிக இறுக்கம், வாங்குகிறவர் திறக்க முடியாமல் திட்டுவார், அதுவும் கழிவு. பத்தொன்பது வருடமாக இந்த முள்ளைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் அந்த முள் கிடையாது. அதனால் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் கூடுதலாக ஓர் அரைச் சுற்று இறுக்கிவிடுவேன். எங்கள் வீட்டுக் குழாய்களை என்னைத் தவிர யாரும் திறக்க முடியாது என்று என் மகள் தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாளாம். சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் சொட்டுவதில்லை.

அந்தச் சொட்டைப் பார்த்த அன்று மத்தியானம் மச்சினன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: "அடியில இருக்கிற ஒரு போல்ட்டை ஒழுங்கா இறுக்கத் தெரியாதவன்லாம் பட்டறை வச்சு நடத்துறான்."

"அத்தான், அது இல்ல. ஃபில்டர் மாத்தும்போது..." என்று ஆரம்பித்தான்.

"போதும்ப்பா, போதும்" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

எழுந்தான். கையைக் கழுவினான். "இனிமே உங்க வண்டியை நான் தொடமாட்டேன். நீங்களா வாயத் திறந்து கூப்பிடாம இந்த வாசலையும் மிதிக்கமாட்டேன்" என்றான். சொன்னபடியே செய்தான். ரோஷக்காரன், அதையும் மறுப்பதற்கில்லை.

இடையில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இப்போது நாலு மாதம். என் மனைவி ஓடி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ஆனால் தம்பியின் குழந்தை அத்தை வீட்டு வாசலுக்கு இன்னும் வரவில்லை. அது அவளுக்கு முள்ளாகக் குத்துகிறது என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை காலை, மறுபடியும் ஆயில் மாற்றுகிற நாள் வந்தது. "தம்பியைக் கூப்பிடுங்களேன்" என்றாள்.

"எதுக்கு? ஒரு போல்ட்டைக் கழட்டி மாட்டறதுக்கு மெக்கானிக்கா? நானே மாத்துறேன்."

அவள் சொன்னாள்: "சரி. மத்தியானம் ஒரு மணிக்குள்ள நீங்களே மாத்திட்டா, இனிமே என் தம்பி பேச்சையே நான் எடுக்கமாட்டேன். முடியலைன்னா, நீங்களே போன் பண்ணி அவனைக் கூப்பிடணும். குழந்தையோட வரச்சொல்லிக் கூப்பிடணும்."

"முடிஞ்சுது போ" என்றேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காய்கறிக் கடையில் கால் மணி நேரம் பேரம் பேசுகிறவள், தம்பியையே பணயம் வைத்துவிட்டு நிதானமாகச் சமையலறைக்குப் போனாள்.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினேன். முன்சக்கரங்கள் இரண்டையும் சரிவுப் பலகைகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். தட்டு, புனல், புது ஆயில் டப்பா, புது ஃபில்டர், எல்லாம் வரிசையாக. பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தேன். ஆயில் தேங்குகிற தொட்டி என்ஜினுக்கு அடியில் இருக்கிறது. அந்தத் தொட்டியின் அடியில் ஒரு போல்ட். அதைக் கழற்றினால் பழைய ஆயில் தட்டில் கொட்டிவிடும். இதுதான் மொத்த வித்தையும். கழன்றால்.

கழலவில்லை. ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். மல்லாந்து படுத்தபடி இரண்டு கையாலும் இழுத்தேன். மூச்சைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டியதில் ஸ்பேனர் வழுக்கி, கை போய் இரும்பில் மோதியது. மூன்று விரல் முட்டியிலும் தோல் போயிற்று.

"ஐயோ!"

"என்னப்பா ஆச்சு?" வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள். கல்லூரியில் படிக்கிறாள். நேரம் பார்ப்பதற்காகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவள்.

"உங்க மாமா பண்ணின வேலையைப் பாரு! வேணும்னே இறுக்கி வச்சிருக்கான். பழிவாங்கிட்டான்!"

அவள் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஒரு சந்தேகம். மாமா போல்ட்டை லூசா விட்டாருன்னுதானே சண்டை போட்டீங்க?"

"ஆமா."

"இப்ப டைட்டா விட்டாருன்னு திட்டுறீங்க."

"ஆமா."

"எது சரி?"

பெண் பிள்ளைகளை அதிகம் படிக்கவைத்துவிட்டேனோ என்று அப்போது தோன்றியது. "போய் அந்த துரு ஸ்பிரேயை எடுத்துட்டு வா" என்றேன்.

ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் ஊறவைத்தேன். சுத்தியலால் தட்டினேன். ஸ்பேனரைக் காலால் உதைத்தேன். போல்ட் அசையவில்லை, அதன் ஆறு மூலைகளில் இரண்டு மழுங்க ஆரம்பித்தன. எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று மகள் கேட்டாள். முறைத்தேன். அவள் தலை மறைந்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். சரியான பக்கம்தான்.

பன்னிரண்டு மணிக்கு மனைவி வந்தாள். டீ கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். கையில் காபித்தூள் டப்பா. "இதைக் கொஞ்சம் திறந்து கொடுங்க. நேத்து நீங்கதான் மூடினீங்க."

தோல் உரிந்த கையோடு அதையும் திறந்து கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

கடைசி ஆயுதம் ஒன்று பாக்கி இருந்தது. ஸ்பேனரின் பிடியில் நீளமான பைப்பைச் செருகி இழுத்தால் பலம் மூன்று மடங்காகும். தட்டுமுட்டுச் சாமான் அறைக்குப் போய்த் துழாவினேன். உடைந்துபோன மடக்குக் கட்டிலின் இரும்புக் கால் ஒன்று மூலையில் சாய்ந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஸ்பேனரைச் செருகினேன். கச்சிதமாக உள்ளே போயிற்று.

எப்படிப் போகும்? கட்டில் கால் உருண்டை, ஸ்பேனர் பிடி தட்டை. பைப்பின் வாயைத் திருப்பிப் பார்த்தேன். அது ஏற்கெனவே ஸ்பேனர் பிடியின் அளவுக்குச் சப்பையாகியிருந்தது. சப்பையான இடத்தில் கறுப்பாக ஆயில் காய்ந்திருந்தது.

எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மச்சினன் கோபித்துக்கொண்டு போன அன்று சாயங்காலம். அந்த ஒரு சொட்டு மனசை அரித்துக்கொண்டே இருந்ததால் நானே காருக்கு அடியில் நுழைந்தேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பாதுகாப்புக்காக ஓர் அரைச் சுற்று. சாதாரணமாக வரவில்லை என்று பைப் போட்டு அரைச் சுற்று. பைப்பின் வாயே சப்பையாகிற அளவுக்கு இறுக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "இப்ப சொட்டட்டும் பாக்கலாம்" என்று எழுந்து வந்தேன். அதோடு மறந்தும் போனேன். அவன் செய்ததாக நான் சொன்ன தப்பு மட்டும் நாள் தவறாமல் நினைவிருந்தது.

போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியானால் அவன் தளர்வாக விடவில்லை. இந்தக் கணக்கைப் போட எனக்குப் பதினொரு மாதமா?

பைப்பை மறுபடியும் மூலையில் ஒளித்துவைத்தேன். மாற்றியாயிற்று என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பழைய ஆயில் விழ வேண்டிய தட்டு பளபளவென்று காலியாகக் கிடந்தது. மணி பன்னிரண்டே முக்கால்.

சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் திரும்பாமலே கேட்டாள்: "பைப் கிடைச்சுதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு டார்ச் பிடிச்சது யாருங்க? நான்தானே? 'போதும், விடுங்க, நல்லா இறுகித்தான் இருக்கு'ன்னு மூணு தடவை சொன்னேன். 'உன் தம்பிக்குப் பரிஞ்சு பேசாதே'ன்னீங்க."

"பதினோரு மாசமா ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா? உங்க கை இறுக்கினதை உங்க கையாலயே கழட்ட முடியாது, அது எனக்குத் தெரியும். இந்த நாள் வரட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்." அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "அந்தக் குழந்தைக்குப் பல்லு முளைக்கிறதுக்குள்ளயாவது அது இந்த வீட்டுக்கு வரணும்ங்க."

வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை. போனை எடுத்தேன்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

"மாப்ள" என்றேன்.

"சொல்லுங்க அத்தான்."

"அந்த ஆயில் போல்ட்டு... கழல மாட்டேங்குது."

"யார் இறுக்கினது?"

வாயில் வந்தது 'யாரோ' என்றுதான். மகள் வாசற்படியிலிருந்து எழுந்து உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தாள். மனைவி முந்தானையால் கையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான். பைப் போட்டு இறுக்கிட்டேன். நீ போனப்புறம். நீ சரியாத்தான் இறுக்கியிருந்தே. அன்னிக்கு நாலு பேர் முன்னாடி உன்னை அப்படிச் சொன்னது தப்பு, மாப்ள."

"பைப் போட்டா?" என்று அந்தப் பக்கம் ஒரு குரல். "அடப் பாவமே. வண்டி என்ன பண்ணுச்சு அத்தான் உங்களை?"

இருபது நிமிடத்தில் வந்துவிட்டான். வாசலில் ஒரு நொடி நின்று அக்காவைப் பார்த்தான். அக்கா மூக்கை உறிஞ்சினாள். அதோடு முடிந்தது அவர்கள் பேச்சு. அவன் காருக்கு அடியில் போனான். டார்ச் நான் பிடித்தேன். போல்ட்டின் மழுங்கிய மூலைகளைப் பார்த்து நாக்கால் 'ச்சு' கொட்டினான், என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆறு பக்கமும் கவ்வுகிற சாக்கெட்டைத் தட்டி ஏற்றினான். சுத்தியலால் அதன் தலையில் நேராக இரண்டு அடி. நீளக் கம்பியைப் பிடித்து ஒரே வெட்டு. 'டக்'. அவ்வளவுதான். பழைய ஆயில் கறுப்பாகத் தட்டில் கொட்டியது. மகள் கை தட்டினாள்.

ஃபில்டரையும் மாற்றி முடித்துவிட்டு, பையிலிருந்து புது போல்ட்டும் வாஷரும் எடுத்து என் கையில் கொடுத்தான். "நீங்களே மாட்டுங்க அத்தான்."

"நானா?"

"கையாலயே திருகுங்க. வாஷர் போய் உக்காந்ததும் ஸ்பேனர் போட்டு ஒரு சின்னத் திருப்பு. கை சொல்லும், அதோட நிறுத்துங்க."

என் கை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் சொல்லிற்று. மூன்று பேரும் தரையில் குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வைத்த பிறகும் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டிருந்தன.

"நாளைக்குக் குழந்தையோட சாப்பிட வாங்க" என்றேன். ஒப்பந்தத்தில் இருந்தது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால், சும்மா வாசலைப் பார்க்கப் போகிற மாதிரி கார் பக்கம் போனேன். குனிந்தேன். சிமென்ட் தரையில், முன்சக்கரத்துக்கு ஓரமாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சொட்டு.

ஸ்பேனர் எங்கே என்று கண் தேடியது. அப்போது கேட் திறந்தது. முன்னால் மச்சினன், தோளில் குழந்தை. பின்னால் அவன் மனைவி, கையில் குழந்தையின் பை. என் மனைவி உள்ளேயிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்.

நான் சட்டென்று வலது காலை நகர்த்தி, செருப்பை அந்தச் சொட்டின்மேல் வைத்துக்கொண்டேன்.

"வாங்க, வாங்க" என்றேன், நின்ற இடத்திலிருந்தே.

மச்சினன் நேராக என்னிடம் வந்தான். "அத்தான், முதல்ல நீங்க வாங்குங்க" என்று குழந்தையை நீட்டினான். காலை எடுக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துக் கையை நீட்டினேன். எட்டவில்லை. அவன் என் காலைப் பார்த்தான். காரைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் ஓரடி கிட்டே வந்தான்.

"ஃபில்டர் மாத்தும்போது கொஞ்சம் வழிஞ்சு மேல எங்கயாவது ஒட்டியிருக்கும் அத்தான். ரெண்டு நாளைக்கு ஒண்ணு ரெண்டு சொட்டு விழும். அப்புறம் நின்னுடும்."

போன வருடம் அவன் ஆரம்பித்த வாக்கியம் இதுதான். இந்தத் தடவை முழுசாகக் கேட்டேன்.

காலை எடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். கனமே இல்லை. எங்கே நழுவிவிடுமோ என்று பயமாக இருந்தது.

"ஏங்க" என்றாள் மனைவி, என் கையைப் பார்த்துக்கொண்டே. "குழந்தைங்க அது. இறுக்காதீங்க."