தள்ளாமல் விட்ட தட்டு

என் கணவர் கொசுவைக்கூட ஜன்னலைத் திறந்து வழியனுப்பி வைக்கிறவர். அவரிடம் முந்நூறு சூரியகாந்திக் கன்றுகளை ஒப்படைத்துவிட்டுப் போனேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஆபீஸ் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு மாடி அறையில் நாற்று வளர்க்கத் தொடங்கியிருந்தேன். பள்ளிக்கூடங்களுக்குச் செடி வாங்கிக் கொடுக்கும் ஓர் அம்மாளுக்கு இந்தக் கன்றுகள் பிடித்துவிட்டால் ஒரு வருட ஒப்பந்தம். இல்லையென்றால் மறுபடி அதே மேனேஜர் முகத்தில் விழிக்க வேண்டும்.

பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால், மனுஷன் ஜன்னலையெல்லாம் சாத்தி, ஒவ்வொரு கன்றுக்கும் குச்சி நட்டு நூல் கட்டியிருந்தார். ஒரு நூலை அவிழ்த்தேன். கன்று பொத்தென்று சாய்ந்தது.

"காத்துல ஆடினா ஒடிஞ்சிருமேன்னு..." என்று இழுத்தார்.

"ஆடினாத்தாங்க தண்டு தேறும். தோலுக்குக் கீழ இருக்கற செல்லெல்லாம் அப்பதான் சுவரைத் தடியா கட்டிக்கும். அது இருந்தாத்தான் வளைஞ்சாலும் ஒடியாம நிமிரும். குச்சியே தாங்கிப் பிடிச்சா அது எதுக்கு மெனக்கெடப்போவுது?"

அன்றிலிருந்து நூலைத் தளர்த்தி, காலையும் மாலையும் ஒவ்வொரு நாற்றுத் தட்டிலும் உள்ள கன்றுகளை அட்டையால் இருபது தடவை தள்ளுவது அவர் பொறுப்பு. "கோச்சுக்காதம்மா" என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார். எனக்கு எரிச்சலிலும் சிரிப்பு வந்தது.

மூன்றாவது வாரம் அந்த அம்மாள் வந்தார். குச்சியையெல்லாம் பிடுங்கச் சொன்னார். நேராகக் கடைசித் தட்டுக்குப் போய் ஒரு கன்றை விரலால் தட்டினார். மடங்கி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தத் தட்டை மட்டும் நான் தள்ளலைங்க," என்றார் என் கணவர். "ரொம்ப நோஞ்சானா இருந்துச்சு, மனசு வரல. மத்ததைப் பாருங்க."

அவரையே ஒரு குச்சியில் கட்டிப்போடலாம் போலிருந்தது.

அந்த அம்மாள் மற்ற தட்டுகளை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். எல்லாம் குனிந்து நிமிர்ந்தன. பிறகு இரண்டு வகைத் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தண்டு பாடம் எடுக்கற டீச்சருங்க இதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டையும் வெட்டி மைக்ராஸ்கோப்புல வெச்சா பிள்ளைங்களுக்கு வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். ஒப்பந்தம் உங்களுக்குத்தான். ஆனா மாசாமாசம் ஒரு தட்டு நோஞ்சானா வேணும். சாரே வளக்கட்டும்."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. திரும்பினால், இவர் முகம் தொங்கிக் கிடந்தது.

"தெரிஞ்சே ஒரு தட்டைக் கெடுக்கறதா? என்னால ஆகாது," என்று அட்டையை எடுத்துக்கொண்டு, நோஞ்சான் தட்டில் விழாமல் நின்ற கன்றுகளைத் தள்ளப் போய்விட்டார்.

ஆக, மாதம் ஒரு தட்டுக்குக் குச்சி நட்டு, நூல் கட்டி, செல்லம் கொடுத்துக் கெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதையும் அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் செய்கிறேன். பார்த்தால் அவிழ்த்துவிடுவார்.