அத்தைக்கு ஓட்டுப் போடாதீர்கள்

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு சிறந்த நடிகை விருதைத் தவறவிட்டவர் என் மாமியார். அதுதான் அவருடைய தொழில்.

கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு இறுதிச் சுற்றில் ஐந்து நடிகைகள் இருந்தாலும் உண்மையான போட்டி இருவருக்கிடையில்தான். அத்தை, கண்பார்வை போன பிறகும் கணவனுக்காக நீதிமன்றத்தில் வாதாடும் மனைவியாக நடித்திருந்தார். மற்றவர் ஒரு சலவைக்காரியாக, கறுப்பு வெள்ளையில், அதிகம் பேசாமல். விருது சலவைக்காரிக்குப் போனது. மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் அநியாயம் என்று எழுதின. அன்றிலிருந்து அத்தைக்கு ஓய்வில்லை. வாங்கியவரைச் சீக்கிரமே மறந்துபோன ஜனங்களுக்கு, ஏமாற்றப்பட்டவரை மறக்க மட்டும் மனம் வரவில்லை. கடை திறப்பு, கல்லூரி ஆண்டு விழா, 'தோல்வியைத் தாங்குவது எப்படி' என்று அலுவலகங்களில் உரை. நான் கார் ஓட்டுவேன்.

எல்லா மேடையிலும் முதலில் அந்த விருது விழாவின் ஒரு துண்டுப் படம் போடுவார்கள். வேறொருத்தியின் பெயர் அறிவிக்கப்படுகிறது. அத்தை ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, புன்னகைத்து, கைதட்டுகிறார். தோல்வியிலும் என்ன கண்ணியம் என்று கூட்டம் உருகும். அந்தக் காலத்தில் அரங்கில் ஒரே கேமராதான். அது மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே தோற்கப்போகிறவர்களின் முகங்களை மதியமே காலி அரங்கில் ஐந்து பேரையும் உட்காரவைத்து எடுத்துவிடுவார்கள். அத்தை அப்போது தான் ஜெயிக்கப்போகிறோம் என்ற உறுதியில் இருந்தார். அந்தப் புன்னகை, மற்ற நால்வர்மீதும் அவருக்கு ஏற்பட்ட இரக்கம்.

சென்ற மாதம் ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கியதால் எங்களுக்கு அவர் ஹெட்போன்.

"அம்மா, நாப்பது வருஷ அநியாயத்தை நாங்க சரி பண்ணப்போறோம். ரெண்டு படத்தையும் திரும்பப் போடறோம். இந்தத் தடவை ஜனங்களே ஓட்டுப் போடட்டும்."

அத்தையின் காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது. ஹெட்போன் போன பிறகுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"சரி பண்ணிட்டா அப்புறம் என்னை எதுக்குடி கூப்பிடுவாங்க?"

"விருது வாங்கினவங்கன்னு கூப்பிடுவாங்கம்மா," என்றாள் என் மனைவி.

"விருது வாங்கினவ தெருவுக்கு நாலு பேர் இருக்கா. அநியாயமா தோத்தவ நான் ஒருத்திதான்."

"அப்ப வரமாட்டேன்னு சொல்லிடு."

"பயந்துட்டான்னு எழுதுவாங்க."

ஒரே வழிதான் இருந்தது. நிகழ்ச்சிக்குப் போக வேண்டும், போய்த் தோற்க வேண்டும். மறுநாளே பிரச்சாரம் தொடங்கியது. மனைவி உறவினர்களுக்கு ஃபோன் போட்டுக் கொடுப்பாள், அத்தை பேசுவார். அவருடைய தம்பி மட்டும் முரண்டு பிடித்தார். சொந்த அக்காவை விட்டுவிட்டு எவளுக்கோ போடுவேனா என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"டேய், என்மேல கொஞ்சமாவது பாசம் இருந்தா எனக்குப் போடாதடா!"

என்ன பெருந்தன்மை என்று குடும்பமே நெகிழ்ந்தது.

அந்த வாரம்தான் நான் இரண்டு படங்களையும் பார்த்தேன். அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் வேறு யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை. அநியாயம் நடந்தது எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்ததால் படம் பார்க்க அவசியம் நேரவில்லை. அத்தை நன்றாக அழுதார். எந்தக் கண்ணில் எப்போது நீர் வர வேண்டுமோ அப்போது வந்தது. மற்ற படத்தில் சலவைக்காரி, செத்துப்போன கணவனின் சட்டையை அடுத்த வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்து, மடித்து, எந்த அடுக்கில் வைப்பதென்று தெரியாமல் நின்றாள். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. டிவியை அணைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"அதையா கேட்டேன்?"

 

நிகழ்ச்சியன்று ஹெட்போன் எங்களைச் சீக்கிரமே வரச்சொல்லியிருந்தார். இப்போது அரங்கில் ஏகப்பட்ட கேமராக்கள். ஆனாலும் முகங்களை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தை யாரும் விடவில்லை.

"ரெண்டு விதமா எடுத்துக்கலாம்மா. தோத்தா ஒண்ணு, ஜெயிச்சா ஒண்ணு."

தோற்ற முகத்தை அத்தை எடுத்த எடுப்பிலேயே தந்தார். விளக்குப் பிடித்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். ஜெயித்த முகம் வரவே இல்லை.

"கொஞ்சம் சந்தோஷமா இருங்கம்மா. யாரோ போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கு."

ஒப்பனை அறையில் சலவைக்காரியாக நடித்த அந்தம்மா காத்திருந்தார். மெலிந்து, கைத்தடியோடு. அத்தையைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இந்தத் தடவை நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க. நாப்பது வருஷமா எங்க போனாலும் ஒரே கேள்வி, மனசு உறுத்தலையாம்மான்னு. எங்க வீட்டுப் பேரப்பிள்ளைங்க அத்தனை பேரையும் உங்களுக்குத்தான் போடச் சொல்லியிருக்கேன்."

அத்தைக்கு வேர்த்தது. "ஐயோ, வேண்டாம்மா. உன்னோடது உன்கிட்டயே இருக்கட்டும்."

"எனக்கு வேண்டாங்கா."

"எனக்கும்தான் வேண்டாம்!"

தட்டில் மிஞ்சிய கடைசி பிஸ்கட்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிடுவதுபோல இருவரும் தள்ளிக்கொண்டிருந்தபோது மேடைக்கு அழைப்பு வந்தது.

முடிவைத் திரையில் இரண்டு கோடுகளாகக் காட்டினார்கள். அந்தம்மாவின் கோடு ஏறிக்கொண்டே போனது. அத்தையின் கோடு தரையைவிட்டு எழவில்லை. இருந்த கொஞ்சமும் அந்தப் பேரப்பிள்ளைகள் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாம் முறையும் ஜெயித்துவிட்ட அந்தம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தை எழுந்து கைதட்டினார். இந்த முறை கூட்டம் உருகவில்லை. எல்லாரும் அந்தம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோற்க வேண்டும் என்று நினைத்தவர், நியாயமாகத் தோற்றுவிட முடியும் என்பதை யோசித்திருக்கவில்லை.

காரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"நம்ம ஆளுங்க நிறையப் பேர் போட்டுட்டாங்க போல," என்றார் அத்தை.

"ஆமாம்மா. எல்லாருக்கும் சொன்னோமே," என்றாள் மனைவி. எங்கள் உறவினர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிடலாம் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

சிக்னலில் வண்டி நின்றது.

"மாப்பிள்ளை, நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"அவங்களுக்குத்தான் அத்தை."

"நான் சொன்னதாலதானே?"

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் கிளம்பியிருந்தார். சலவைக்காரியின் அந்த முதுகு என் நினைவுக்கு வந்தது. விளக்கு பச்சையாகி, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"நீங்க சொன்னதாலதான் அத்தை."

"நான் சொன்னா போட்டுடறதா?" குரல் உயர்ந்தது. "வீட்டு மாப்பிள்ளை, உங்களுக்காவது தோண வேண்டாமா? ஒரு பேச்சுக்குச் சொன்னா, அப்படியே போய்க் குத்திட்டு வந்துடறதா?"

"தப்புதான் அத்தை."

"தப்புதானாமே!"

வீடு வரும்வரை திட்டினார். திட்டத் திட்டக் குரலில் உயிர் வந்தது. தெரு திரும்பும்போது திட்டுவதை நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே மெல்லச் சொன்னார்:

"என் சொந்த வீட்டு ஜனங்களே என்னை ஏமாத்திட்டாங்க."

சற்று யோசித்தார். பிறகு இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். இப்போது 'ஜனங்களே' என்பதற்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டார்.