கணக்குச் சுவரின் பணி மாறுதல்

எதை வேண்டுமானாலும் கேள், கணக்கு டீச்சர் வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தும் அன்புக்கரசி கேட்டுவிட்டாள். அதனால் விருத்தாசலம் சுண்ணாம்புக்காரத் தெரு நகராட்சி நடுநிலைப் பள்ளிக்கு ஒரு சுவர் கணக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டது. சொல்லி வைத்தவர் தலைமையாசிரியர் அமிர்தசாமி. ஆசிரியர் கேட்டால் பிள்ளைகளை எண்ண ஆள் வரும், எண்ணினால் பிள்ளைகள் போதவில்லை என்று பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்பது அவர் பயம். ஓய்வு பெறும்வரை யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கல்விக் கொள்கை. அன்புக்கரசி தற்காலிக ஆசிரியை. செராமிக் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டைக்கு மண் அழுத்தும் செல்வநாயகியின் மகள். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். படித்தது தமிழ், நடத்தியது எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. தசம வகுத்தல் வந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் முழித்தாள். ஆய்வுக்கு வந்த கல்வி அலுவலர் தேவநாதன், கிளம்பும்போது ஏதும் குறை உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார். அவள் உண்மையிலேயே பதில் சொன்னாள். அமிர்தசாமிக்கு அங்கேயே வியர்த்தது.

ஆசிரியர் வரவில்லை, புதுமைத் திட்டம் வந்தது. வாய்ப்பாடும் சூத்திரமும் எழுதிய டைல்ஸை ஊரிலேயே சுட்டு, எட்டாம் வகுப்பின் தெருப்பக்கச் சுவர் முழுக்கப் பதித்தார்கள். தினமும் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்வார்கள் என்பது திட்டம். சுவர் கற்றுக்கொண்டது. பதினேழெட்டு எவ்வளவு என்று யோசித்தபடி இளமதி என்ற மாணவி விரலால் சுவரைத் தட்டியபோது, நூற்று முப்பத்தாறு என்று ஜலதோஷம் பிடித்த பெண்குரலில் பதில் வந்தது. பீங்கான் சுடும் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தட்டினால் பீங்கானில் சத்தம் வர வேண்டும், வராவிட்டால்தான் உள்ளே விரிசல். செல்வநாயகி வேலை விட்டு வரும் வழியில் நான்கு இடத்தில் தட்டிப் பார்த்து, “நல்லா வெந்திருக்குது, அதான் பேசுது” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஆய்வில் தேவநாதன் கேட்ட எல்லாவற்றுக்கும் சுவரே பதில் சொன்னது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அழகாக உட்கார்ந்திருந்தார்கள். மாவட்டத்திலேயே சிறந்த பள்ளி என்று எழுதி, கணக்கு ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டது என்று ஆணையும் அனுப்பிவிட்டார். சுவருக்கு வருகைப் பதிவும் தற்செயல் விடுப்பும் வந்தன. விடுப்பு நாளில் எவ்வளவு தட்டினாலும் வாய் திறக்காது. சுவருக்காகவே ஆசிரியர் பயிற்சி முகாமைப் பள்ளிக்கு வந்து நடத்தினார்கள். பயிற்சியில் தூங்காத முதல் ஆசிரியர் என்று பயிற்றுநர் கண்கலங்கினார். மாலையில் ஊரே வந்து தட்டியது. பரப்பளவு கேட்டு நில அளவைக்காரர் வந்தார், பொருத்தம் பார்க்கக் கல்யாணத் தரகர் வந்தார். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சுவர் சொல்லிவிட்டது.

இதற்கிடையில் எட்டாம் வகுப்புக்குத் தெரிந்திருந்த கணக்கும் மறந்துபோனது. நூற்றை எட்டால் வகு என்று அன்புக்கரசி சொன்னால் இளமதி எழுந்து சுவருக்குப் போனாள்.

“அடியே, நீ போடுடி.”

“அதான் சொவரு இருக்குதே டீச்சர்.”

“அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலுக்குப் போறப்ப இந்தச் சொவத்தப் பேத்து முதுகுல கட்டிக்கிட்டா போவ?”

வகுப்பே சிரித்தது. இளமதி சிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு மூன்று மாதத்தில் இருந்தது. மறுபடி ஆசிரியர் கேட்கவும் வழியில்லை, பணியிடம்தான் நிரம்பிவிட்டதே. அந்த ஆணையை ஆத்திரத்தோடு திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் அன்புக்கரசிக்குப் பிடி கிடைத்தது. ஆசிரியர் என்றால் மாறுதல் உண்டு. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குக்கு இரண்டு பேர். அதில் உபரியாக இருந்த ஜெனிபர் விருத்தாசலத்துக்காரர், தினமும் பஸ்ஸில் போய் வந்து, இந்த ஊருக்கு மாறுதல் கேட்டு அலுத்தவர். அந்தப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. ஆடு மாடெல்லாம் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தன. ஒருவர் இடத்துக்கு மற்றவர் போகும் மனமொத்த மாறுதலுக்கு இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? அவள் சுவரைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள்.

“அங்க சாயங்காலத்துல யாராச்சும் வந்து தட்டுவாங்களா?” என்றது சுவர்.

“மாடு ஒரசும். வெள்ளாத்துக் காத்து வரும்.”

“போறேன்” என்றது.

தேவநாதன் விதிகளைப் புரட்டினார். சுவருக்கு மாறுதல் கிடையாது என்று எங்கும் இல்லை. அப்படிச் சொன்னால் சுவரை நியமித்ததே தவறு என்று ஆகிவிடும். கையெழுத்துப் போட்டார். விடுவிக்கப்பட்ட காலையில் சுவர் சிமெண்டை உதறிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. படியில் நிற்கக் கூடாது என்று கண்டக்டர் ஏற்ற மறுத்ததால், பெண்ணாடத்தில் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய டிராக்டரில் ஏறிப் போய்ச் சேர்ந்தது. கூரை தூண்களில் நின்றதால் வகுப்பு தடங்கலில்லாமல் நடந்தது. ஜெனிபர் வந்ததும் முதல் வேலையாக இளமதியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு நூற்றை எட்டால் வகுக்கச் சொன்னார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அமிர்தசாமி அன்புக்கரசியைத் தனியே அழைத்தார். “ஜெனிபரு வந்துட்டா ஒன் வேல போயிடும்னு அப்பவே தெரியும்லம்மா?”

“தெரியும் சார். தெரிஞ்சுதான் கேட்டேன்.”

அவர் சங்கடப்பட்டு, கம்மாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள், அங்கே போயாவது வாயை அடக்கிக்கொண்டு இரு என்றார். அங்கே அறிவியலுக்கு ஆள் இல்லை, கேட்க வேண்டியிருக்கும் என்று அவள் ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தாள். டிபன் பாக்ஸும் அப்போதே பையில் இருந்தது. கரும்பலகையில் இளமதி பன்னிரண்டு வரை வந்து, மீதி நான்கை முறைத்துக்கொண்டு நின்றாள். புள்ளி வைத்து ஒரு பூஜ்யம் சேர்த்தாள். அன்புக்கரசி வரேன் சார் என்று சொல்லிவிட்டு, வாசலைச் சுற்றிக்கொண்டு போகாமல், சுவர் இருந்த இடத்தின் வழியாகத் தெருவில் இறங்கி நடந்தாள்.